சிங்க்குக்குக் கீழே வளைந்த குழாய் எதற்கு?



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பத்தில் 'நோய் அல்லது விபத்தின் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அதில் சர்க்கரை, இதயம், சிறுநீரகம், கீழே விழுந்தது என்றுதான் எழுதியிருக்கும். சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு விண்ணப்பத்தில் 'சிங்க் அடைப்பு' என்று எழுதியிருந்தது. தவறான கட்டத்தில் எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, விண்ணப்பம் கொண்டுவந்த அந்த வீட்டுப் பையனை உட்காரவைத்துக் கேட்டேன். தவறில்லை, சரியாகத்தான் எழுதியிருந்தான்.

அவனுடைய தாயார் சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றியிருக்கிறார். அரை மணி நேரம் பார்த்தும் இறங்கவில்லை. வீட்டில் இருந்த பிளீச்சிங் பவுடரை இரண்டு கை அள்ளி அதன் மேலேயே போட்டிருக்கிறார். குப்பென்று புகை எழுந்து மூச்சு அடைத்து, கண் எரிந்து, அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டார். மருத்துவமனையில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். உதவித் தொகையை நிர்வாகக் குழுவும் உடனே ஒப்புக்கொண்டது.

காசோலையில் கையெழுத்துப் போடும்போது எனக்கு ஒன்று உறுத்தியது. அந்த அடைப்பை எடுக்க ஒரு வாளி, ஒரு பழைய டூத் பிரஷ், கால் மணி நேரம் போதும். அதை யாரும் அந்தத் தாய்க்குச் சொல்லித் தரவில்லை. இந்த இதழில் ஜகாத் கணக்கு, கல்வி உதவித் தொகை, ரேஷன் கார்டு திருத்தம் என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். இதை எழுதியதில்லை. இந்த மாதப் பாடம் அதுதான்.

முதலில் சமையலறை சிங்க்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். சிங்க்கின் ஓட்டையிலிருந்து இறங்கும் குழாய் நேராகச் சுவருக்குள் போகாமல், ஒரு முறை கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி, பிறகுதான் சுவருக்குள் போகும். அல்லது குழாயின் நடுவே கவிழ்க்காத டம்ளர் போல ஒரு குப்பி தொங்கும். முதல் வகையைக் கடைக்காரர்கள் 'பி ட்ராப்' என்பார்கள். குப்பி உள்ளதை 'பாட்டில் ட்ராப்' என்பார்கள். பாத்ரூம் தரையில் ஜாலிக்கு அடியில் இருப்பது 'நஹானி ட்ராப்'. நம்மில் உர்து பேசும் வீடுகளுக்கு அந்தப் பெயர் குளியலோடு சம்பந்தப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றின் வேலையும் ஒன்றே: கொஞ்சம் தண்ணீரைத் தன்னுள் எப்போதும் நிறுத்தி வைத்திருப்பது.

உங்கள் சிங்க்குக்குக் கீழே அப்படி எதுவும் இல்லாமல், சுருக்கம் சுருக்கமான ஒரு பிளாஸ்டிக் ஹோஸ் மட்டும் நேராகச் சுவர் ஓட்டைக்குள் சொருகப்பட்டிருந்தால், இந்தக் கட்டுரை முக்கியமாக உங்களுக்குத்தான்.

ஏனென்றால் என் வீட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சிங்க்கில் தண்ணீர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் கீழே குனிந்து பார்த்து, "இந்த வளைவுதான் பாய் தொல்லை, இதிலேதான் அழுக்கு நிக்குது, எடுத்துட்டா ஜோரா ஓடும்" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. நேரான வழி இருக்கும்போது வளைந்த வழி எதற்கு? வளைவைக் கழற்றிவிட்டு ஹோஸைச் சொருகினார். தண்ணீர் உண்மையிலேயே ஜோராக ஓடியது. அவருக்கு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் இரவு நேரங்களில் அழுகிய முட்டை வாடை வர ஆரம்பித்தது. கரப்பான் பூச்சி மருந்து அடித்தும் குறையவில்லை. தஹஜ்ஜுத்துக்கு எழும் என் தாயார் சமையலறை விளக்கைப் போட்டால் சிங்க்கிலிருந்து பத்து இருபது கரப்பான்கள் ஓடும். அவர்களுக்கு ஏற்கெனவே இளைப்பு. தலைவலி, குமட்டல் என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் வயதின் கோளாறு என்று நினைத்தேன். செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது என்று எண்ணி லாரி வரவழைத்துக் காலி செய்தேன். வாடை போகவில்லை. தெருச் சாக்கடையைச் சுத்தம் செய்யவில்லை என்று மனு எழுதினேன். எதிர்வீட்டுக்காரர் மீதுகூட மனத்தாங்கல் வந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் வேறு ஒரு வேலைக்காக வந்த வயதான பிளம்பர் ஒருவர் சிங்க்குக்குக் கீழே பார்த்துவிட்டுச் சிரித்தார். "தெருச் சாக்கடையை நீங்களே பைப் போட்டு அடுப்பங்கரைக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே பாய்" என்றார். அன்று மாலையே புது ட்ராப் மாட்டினோம். அன்று இரவு வாடை இல்லை.

அந்தக் காலத்து வீடுகளில் இந்தச் சிக்கல் இல்லை. பாத்திரம் கழுவுவது பின்கட்டில், திறந்த வெளியில். தண்ணீர் சலதாரை வழியே போகும். வாடை வந்தாலும் வானத்துக்குப் போய்விடும். பாத்திரம் கழுவும் இடமும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே வந்த பிறகுதான் சாக்கடைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு கதவு தேவைப்பட்டது. அந்தக் கதவு மரத்தாலோ இரும்பாலோ ஆனதல்ல, தண்ணீரால் ஆனது.

தண்ணீர்க் கதவு

இதை முதலில் காகிதத்தில் வரைந்து காப்புரிமை வாங்கியவர் பிளம்பர் அல்ல, ஒரு கடிகாரத் தயாரிப்பாளர். ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775இல் கழிப்பறைக்கு ஒரு புதிய அமைப்பைப் பதிவு செய்தார். அதில்தான் குழாயைப் பாம்பு போல வளைத்து, வளைவில் தண்ணீர் நிற்கும்படி செய்திருந்தார். இரண்டரை நூற்றாண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை. இன்று செவ்வாய்ப்பேட்டைக் கடையில் நீங்கள் வாங்கும் ட்ராப்பும் அதே தத்துவம்தான்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்து காட்டுங்கள். உள்ளே பார்க்கும்படியான ஒரு டியூபை 'ப' எழுத்து போல வளைத்துப் பிடித்து, பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையில் மெல்ல ஊதச் சொல்லுங்கள். தண்ணீர் அசையும், காற்று மறுபக்கம் போகாது. ஆனால் இந்த முனையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் மறுமுனையில் அதே அளவு தண்ணீர் வழிந்து போகும். சாக்கடைக் காற்று உள்ளே வராது, நம் அழுக்குத் தண்ணீர் வெளியே போகும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. எலியும் கரப்பானும் சுலபமாக ஏறி வர முடியாது. அந்தத் தண்ணீரின் ஆழம் ஏறக்குறைய 50 மில்லி மீட்டர், அதாவது இரண்டு அங்குலம் இருக்க வேண்டும் என்பது கட்டட வேலையில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு.

'தேங்கிய தண்ணீர் என்றால் கொசு வராதா?' என்று சென்ற முறை பெண்கள் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. நாம் ஒவ்வொரு முறை குழாய் திறக்கும்போதும் ட்ராப்பில் உள்ள பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் நிற்கிறது. கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போல ஆகும். ஆகவே புழக்கத்தில் உள்ள சிங்க்கில் பயமில்லை. புழங்காத பாத்ரூமில் மட்டும் வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். அதை ஊற்றவேண்டியதற்கு இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு.

கதவு காய்ந்துபோனால்

தண்ணீரால் ஆன கதவுக்கு ஒரு பலவீனம்: அது ஆவியாகிவிடும். நம் சேலத்துப் பங்குனி, சித்திரை வெயிலில் சில வாரங்களிலேயே ஒரு ட்ராப் காய்ந்துவிடும். ஹஜ்ஜுக்குப் போனால் நாற்பது நாள் வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளைப் பார்க்கத் துபாய்க்கோ மலேசியாவுக்கோ போனால் மூன்று மாதம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, 'ஏதோ எலி செத்துவிட்டது' என்று பீரோவை எல்லாம் நகர்த்தித் தேடுகிறோம். எலி சாகவில்லை. வீட்டில் உள்ள அத்தனை ட்ராப்பும் காய்ந்து, அத்தனை கதவும் திறந்து கிடக்கிறது.

வாடையோடு போனால் பரவாயில்லை. 2003இல் ஹாங்காங்கில் நடந்ததை நம் ஃபிளாட்டுகளில் குடியிருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சார்ஸ் என்ற தொற்று நோய் பரவிய காலம். அங்கே அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில், 33 மாடிக் கட்டடங்கள். அந்த வருடம் மார்ச் மாதம் நோயுள்ள ஒருவர் அங்கே ஈ பிளாக்கில் உள்ள தம் உறவினர் வீட்டில் தங்கினார். அவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. சில நாட்களில் அந்தக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்துவிட்டது. பலர் இறந்தார்கள். ஈ பிளாக் முழுவதையும் அரசு தனிமைப்படுத்தி, மக்களை வேறு முகாம்களுக்குக் கொண்டுபோனது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத வீடுகளுக்கு நோய் எப்படிப் போனது? ஹாங்காங் சுகாதாரத் துறை விசாரித்து ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் முக்கியமான காரணமாகச் சொன்னது பாத்ரூம் தரை ட்ராப்புகளை. அங்கே மக்கள் பாத்ரூம் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லை, துணியால் துடைத்து விடுவார்கள். ஆகவே தரை ட்ராப்பில் தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோயிருந்தது. மேலிருந்து கீழ் வரை எல்லா மாடிகளையும் இணைக்கும் கழிவுக் குழாயில் இருந்த கிருமித் துளிகளை, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தக் காய்ந்த ட்ராப் வழியாக வீட்டுக்குள் உறிஞ்சிவிட்டது. ஒரு கை தண்ணீர் இருந்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். அதன் பிறகு ஹாங்காங் அரசு மக்களுக்கு ஓர் எளிய வழக்கத்தைச் சொல்லி வருகிறது: வாரம் ஒரு முறை ஒவ்வொரு தரைத் துவாரத்திலும் அரை லிட்டர் போலத் தண்ணீர் ஊற்றுங்கள்.

நாம் இங்கே தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள். சுத்தம் பேணும் வீடுகளில் பாத்ரூம் ட்ராப் காய்வது அரிது. ஆனால் விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் மாடி பாத்ரூம், வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் போர்ஷன், பழுதாகிக் கிடக்கும் வாஷ் பேசின், வாஷிங் மெஷினுக்காக வைத்த துவாரம் ஆகியவற்றை யாரும் நினைப்பதில்லை. ஜும்ஆவுக்குக் குளிக்கும் நாளிலேயே ஒரு ஜக் தண்ணீரை அவற்றிலும் ஊற்றிவிட்டால் மறக்காது. நெடுநாள் ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியைக் கட்டிய பிறகு, ஒவ்வொரு துவாரத்திலும் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு மூன்று ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து நின்று தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். தரை ஜாலியின் மேல் ஒரு பாலிதீன் கவரை விரித்து ஈரத்துணிச் சுருளை வைத்துவிட்டும் போகலாம்.

காய்ந்து போவது தவிர, தண்ணீர் உறிஞ்சப்பட்டும் போய்விடும். மாடியில் பக்கெட்டைக் கவிழ்க்கும்போது கீழ்வீட்டு சிங்க்கில் 'கொடகொட' என்று சத்தம் கேட்டால் அதுதான் அறிகுறி. குழாய் நிறையத் தண்ணீர் வேகமாக இறங்கும்போது பின்னால் காற்று கிடைக்காமல், பக்கத்து ட்ராப்பில் உள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. இதற்காகத்தான் மொட்டை மாடிக்கு மேலே வாய் திறந்த ஒரு காற்றுக் குழாய் வைக்கிறார்கள். மாடியில் ஷெட் போடும்போது, 'இது எதற்கு நிற்கிறது' என்று அந்தக் குழாயை அறுத்து மூடிபோட்டு அடைத்தவர்கள் நம் தெருவில் குறைந்தது இரண்டு பேர். கொசுவலை கட்டலாம், மூடக் கூடாது.

நஹானி ட்ராப்பில் இன்னொன்று. பழைய வகையில் ஜாலிக்கு அடியில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு பாகம் இருக்கும். தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று அதை எடுத்துத் தூர எறிந்துவிடுகிறார்கள். அந்தக் கிண்ணம்தான் கதவு. அதைக் கழுவி மறுபடி வையுங்கள்.

எதனால் அடைக்கிறது?

சமையலறையில் முதல் குற்றவாளி கொழுப்பு. பிரியாணி தேக்சாவைக் கழுவும்போது சுடுதண்ணீரில் நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் உருகி ஓடிவிடும். ட்ராப்பில் நிற்கும் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும் மெழுகு போல உறைந்து குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் டீத்தூள், சோற்றுப் பருக்கை, வெங்காயத் தோல் எல்லாம் ஒட்டும். பக்ரீத் கழிந்த வாரம் எங்கள் தெருவில் அடைப்பு எடுக்கும் ஆட்களுக்கு ஓய்வே இருக்காது. குர்பானி இறைச்சியை வெட்டிய பலகை, பாத்திரம், கத்தி எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவினால் இதில் பெரும்பகுதி குறையும். எண்ணெய்ச் சட்டிக்கும் அதே வழி.

இரண்டாவது, மாவுப் பொருள். ரமழானில் மிஞ்சிய நோன்புக் கஞ்சியைச் சிங்க்கில் ஊற்றுவது. ஜவ்வரிசிக்குப் பேர் போன ஊர் நம்முடையது. வெந்த ஜவ்வரிசி குழாயில் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா? பசை போலப் பிடித்துக்கொள்ளும். சிங்க் ஓட்டையில் பத்து இருபது ரூபாய் வலை வடிகட்டி ஒன்று இருந்தால் இதெல்லாம் மேலேயே நிற்கும். வாஷ் பேசினிலும் பாத்ரூமிலும் முடியும் சோப்பும்தான். ஒளுச் செய்யும் பேசினில் தாடி, தலைமுடியைச் சீவுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு செய்தி இடையிலே. நம் பகுதி வெள்ளிப் பட்டறைக்காரர்கள் தரையைப் பெருக்கிய தூசியையும் கை கழுவிய தண்ணீரையும் சும்மா கொட்டமாட்டார்கள். கொலுசு வேலையில் சிதறும் வெள்ளித் தூள் அதில் இருக்கும். சேர்த்து வைத்துப் பிரித்தெடுப்பார்கள். கனமான பொருள் ஓடும் தண்ணீரில் எங்கே தங்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. வீட்டிலும் மோதிரக் கல்லோ மூக்குத்தியோ சிங்க்கில் விழுந்தால் குழாயைத் திறந்துவிட்டு அலறாதீர்கள். உடனே தண்ணீரை நிறுத்திவிட்டு ட்ராப்பைக் கழற்றினால் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.

கழற்றிச் சுத்தம் செய்வது

இதற்குப் பிளம்பர் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை லுஹருக்கு முன் செய்துவிடலாம். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஆணோ பெண்ணோ, கற்றுக்கொள்ளட்டும்.

கழற்றும் முன் இப்போது உள்ள நிலையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது பிறகு நினைவிருக்காது. சிங்க்கில் ஏற்கெனவே ஆசிட்டோ அடைப்பு மருந்தோ ஊற்றியிருந்தால் கழற்றவே வேண்டாம். அந்தத் தண்ணீர் உங்கள் முகத்தில் கொட்டும். நிறையத் தண்ணீர் விட்டு அது போன பிறகுதான், அதுவும் கையுறையும் கண்ணாடியும் அணிந்து. தண்ணீரே இறங்காமல் நின்றால், ஆசிட் ஊற்றியிருப்பதைச் சொல்லி பிளம்பரை அழையுங்கள்.

ட்ராப்புக்கு நேர் கீழே வாளியை வையுங்கள். பாட்டில் ட்ராப் என்றால் ஒரு கையால் மேல் பாகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க் குப்பியைத் திருகுங்கள். கீழிருந்து மேலே பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திரும்ப வேண்டும். பி ட்ராப் என்றால் வளைவின் இரண்டு முனையிலும் பெரிய நட் இருக்கும். இரண்டையும் தளர்த்தினால் வளைவு தனியாகக் கையில் வரும். பிளாஸ்டிக் நட்டுக்குக் கை போதும். பிடி கிடைக்காவிட்டால் ரப்பர் கையுறை அணியுங்கள். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் மரை உடையும். முலாம் பூசிய பித்தளை என்றால் நடுவே துணியைச் சுற்றி ஸ்பேனர் போடலாம்.

தண்ணீர் வாளியில் கொட்டும். வாடை வரும்தான். உள்ளே உள்ள களியைக் குச்சியால் எடுத்துக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்து, வெளியே உள்ள குழாயில் கழுவுங்கள். வெளியே உள்ள குழாயில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாளி அழுக்குத் தண்ணீரை அதே சிங்க்கில் கவிழ்த்து, கால் மேல் கொட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

சுவருக்குள் போகும் குழாயிலும் எட்டுகிற தூரம் வரை பிரஷ்ஷை விட்டுத் தேயுங்கள். ரப்பர் வாஷர் வெடித்திருந்தாலோ தட்டையாகிக் கெட்டியாகியிருந்தாலோ புதிது போடுங்கள். படத்தைப் பார்த்து அப்படியே மாட்டி, கையால் இறுக்குங்கள். சிங்க் ஓட்டையை மூடி அரைச் சிங்க் தண்ணீர் பிடித்து ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். கீழே காய்ந்த செய்தித்தாள் விரித்து வைத்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் தெரியும். கசிந்தால் கால் சுற்று இறுக்குங்கள். அதற்கும் நிற்காவிட்டால் வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கும், மறுபடி கழற்றி மாட்ட வேண்டியதுதான். சமையலறையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் அடைப்பு வருவதே அரிது.

ட்ராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அடைப்பு சுவருக்குள்ளோ வெளியே சேம்பரிலோ இருக்கிறது. முதலில் ரப்பர் பம்ப்பால் பத்துப் பதினைந்து முறை அழுத்திப் பாருங்கள். பேக்கிங் சோடாவும் வினிகரும் ஊற்றச் சொல்லி வீடியோக்கள் சுற்றுகின்றன. நுரை பொங்கும், பார்க்க அழகாக இருக்கும். உறைந்த கொழுப்பை அது அசைக்காது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் பிவிசி குழாய் இளகிக் கோணும். கை பொறுக்கும் சூடும் பாத்திர சோப்பும் போதும்.

ஆசிட் வேண்டாம்

ஆசிட் கொழுப்பைக் கரைக்காது. இதைப் பலர் அறியமாட்டார்கள். உப்புக் கறையை அரிக்கும், பித்தளை ட்ராப்பை அரிக்கும், சிமெண்டை அரிக்கும், கொழுப்பு அப்படியே நிற்கும். காஸ்டிக் சோடா கொழுப்பைச் சோப்பாக்கும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகி மேலே தெறிக்கும். பாதி கரைந்தது வளைவில் கல் போல உறைந்து, கழற்றவும் முடியாமல் போய்விடும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

எல்லாவற்றையும்விடக் கொடியது கலப்பது. ஆசிட்டோ ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரோ பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப் போரில் 1915இல் படைவீரர்களைக் கொல்ல ஏவிய அதே வாயு. காற்றைவிடக் கனமானது, மூடிய சமையலறையில் கீழேயே தங்கும். குழந்தைகளின் மூச்சு உயரத்தில். அந்தத் தாயார் விழுந்ததும் அதனால்தான். தெரியாமல் கலந்துவிட்டால் எதையும் கழுவிவிட நிற்காமல், வீட்டில் உள்ளவர்களை அழைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். கண்ணில் எரிச்சல் இருந்தால் சுத்தமான தண்ணீரால் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் 108க்கு அழையுங்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியவரும்.

ஆசிட் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013இல் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவர் பெயரும் முகவரியும் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது. அப்படியிருந்தும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. தாகமெடுத்த பிள்ளைக்கு அது தண்ணீர் பாட்டில்தான்.

நாம் ஊற்றுவது எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாக்கடையில் விட்டதில் ஒரு பங்கு திருமணிமுத்தாற்றுக்குப் போய், நாமக்கல் பக்கத்து வயல்களைத் தாண்டிக் காவிரியில் சேர்கிறது. இன்னொரு பங்கு சேம்பரில் தங்குகிறது. அதை எடுக்க ஒரு மனிதரை இறக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அழுகிய முட்டை வாடை வருகிற வாயு அடர்த்தியாக இருந்தால் மூக்கு அந்த வாடையையே உணராமல் போய்விடும். 'வாடை இல்லை, இறங்கலாம்' என்று நினைத்து இறங்கியவர்கள் திரும்பவில்லை. உங்கள் வீட்டுச் சேம்பருக்கோ டேங்குக்கோ 'ஐநூறு ரூபாய் கொடுங்கள், நானே இறங்குகிறேன்' என்று யார் வந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இயந்திர லாரியைத்தான் அழைக்க வேண்டும். அதற்கான அரசு உதவி எண் 14420.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்ராப்பே இல்லாத வீட்டில் அதை மாட்டித் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு. மாட்டியதைச் சுத்தமாக வைப்பது குடியிருப்பவர் பொறுப்பு. இதுதான் நியாயம் என்பது என் கருத்து. நமது அறக்கட்டளைக்குச் சொந்தமான வாடகை போர்ஷன்களிலேயே இரண்டில் ட்ராப் இல்லாமல் ஹோஸ் சொருகியிருந்ததை, இந்தக் கட்டுரைக்காகப் பார்க்கப் போனபோதுதான் கண்டேன். இரண்டுக்கும் இப்போது மாட்டியாகிவிட்டது. பிளாஸ்டிக் ட்ராப் விலை சில நூறு ரூபாய்தான். சமையலறை சிங்க்குக்கு 40 மில்லி மீட்டர், வாஷ் பேசினுக்கு 32 மில்லி மீட்டர் என்று அளவு சொல்லி வாங்க வேண்டும். மாற்றி வாங்கினால் கடைக்கு மறுபடி நடை.

அறக்கட்டளை அலுவலகத்தில் இரண்டு ரப்பர் பம்ப்பும், இரண்டு அளவிலும் வாஷர் செட்டுகளும் வாங்கி வைத்திருக்கிறோம். பம்ப்பை இரவல் வாங்கிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் கழுவித் திருப்பித் தரலாம், வாஷர் இலவசம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வந்தால் நானே இருப்பேன். வரும் மாதப் பெண்கள் கூட்டத்தில், பழைய சிங்க் ஒன்றைப் பலகையில் பொருத்தி வைத்து ட்ராப்பைக் கழற்றி மாட்டிக் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்தச் சகோதரியே முதலில் கழற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் வீட்டில் உள்ள ஒரு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து வரவும்.